பூட்டை யார் சுமப்பது?

பழைய கறுப்பு சைக்கிளின் சீட்டுக்குக் கீழே, பின்சக்கரத்தை அணைத்தபடி, குதிரை லாடம் போல வளைந்த ஓர் இரும்புப் பூட்டு இருக்கும். அதன் பக்கவாட்டில் கட்டைவிரலுக்கு அளவான சிறு பிடி. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திவிட்டு அந்தப் பிடியைக் கீழே தள்ளினால், உள்ளே மறைந்திருக்கும் உருட்டுக் கம்பி போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கத் துளையில் டக்கென்று விழும். அதுவரை பூட்டை விட்டு வராத சாவி அப்போதுதான் கையோடு வரும். சில வேளை போக்ஸ் கம்பி குறுக்கே நிற்கும். சக்கரத்தை அரை அங்குலம் உருட்டிவிட்டு மறுபடி தள்ளினால் சரியாகிவிடும். திறக்கும்போது சாவியைத் திருகினால் போதும், சுருள்வில் கம்பியை ஒரே இழுப்பில் உள்ளே வாங்கிக்கொள்ளும். பூட்டு வண்டியோடு வந்தது, வண்டியோடு போனது. அதைக் கையில் எடுக்கவோ பையில் போடவோ வேண்டியதில்லை. ஓட்டுபவரிடம் இருந்தது சாவி ஒன்றுதான். அதையும் ஓடும்போது பூட்டே பிடித்து வைத்திருந்தது.

இன்று கியர் சைக்கிளில் அலுவலகம் போகிறவருக்குப் பூட்டு ஒரு சுமை. முதுகுப்பையில் போட்டால் கனக்கிறது. சீட்டுக்கடியில் சுற்றினால் தொடையில் உரசுகிறது. ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் ஆடுகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் இதே ஊர்களில் ஆலைக்கும் ஆபீசுக்கும் மிதித்துப் போனவர்களுக்குப் பூட்டை எங்கே வைப்பது என்ற கேள்வியே எழவில்லை. இந்த மாற்றத்துக்குத் திருடனின் கருவிகள் வளர்ந்ததுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது காரணத்தில் ஒரு பகுதி மட்டுமே என்பது என் கருத்து. நிறுத்திய சைக்கிளைக் காப்பது யார் பொறுப்பு என்பதில் ஏற்பட்ட மாற்றமே முதன்மையான காரணம். அந்தப் பொறுப்பு இடத்துக்கும் ஆளுக்கும் இருந்தவரை பூட்டு சிறிதாக இருந்தது, சட்டத்திலேயே தங்கியது. பொறுப்பு ஓட்டுபவர் தலையில் வந்து விழுந்ததும் பூட்டு கனத்தது, அவருடைய உடம்பில் ஏறியது. பூட்டைச் சுமக்கும் வழிகளின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் இது தெரியும்.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ரோவர் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவான சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் செயின், நடுவே சீட்டு என்று இன்று நாம் ஓட்டும் வடிவம் அங்கிருந்து வந்தது. மூன்று ஆண்டுகளில் டன்லப்பின் காற்றடைத்த டயரும் சேர்ந்துகொள்ள, சைக்கிள் விளையாட்டுப் பொருளிலிருந்து வேலைக்குப் போகும் வண்டியாக மாறத் தொடங்கியது. அந்தக் காலத் தோல் சீட்டுகளின் பின்புறத்தில் இரண்டு வளையங்கள் இருக்கும். அவற்றில் வார் கோத்துச் சிறிய தோல்பை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான், மெல்லிய சங்கிலி எல்லாம் அதற்குள் அடங்கும். அப்போதே பூட்டு சுமக்கப்பட்டது, ஆனால் அது சுமை என்று யாரும் நினைக்காத அளவில். பிறகு பூட்டைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவரும் முயற்சிகள் நடந்தன. நாட்டிங்ஹாமின் ராலே கம்பெனி தன் உயர்ரக 'சூப்பர்ப்' வண்டியின் முன்ஃபோர்க்கிலேயே சாவித்துளை வைத்தது. ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டினால் வண்டி நேராகப் போகாது. பின்சக்கர வளையப் பூட்டும் இதே சிந்தனையில் வந்ததுதான். வண்டியை எதனோடும் கட்டாமல், வண்டியை வண்டியாக ஓடவிடாமல் செய்வது அதன் வேலை.

இந்த வகைப் பூட்டு தூக்கிக்கொண்டு ஓடுபவனைத் தடுக்காது. ஏறி மிதித்துக்கொண்டு போக நினைப்பவனை மட்டுமே தடுக்கும். அப்படியானால் தூக்கிக்கொண்டு போகிறவனைத் தடுத்தது எது? பக்கத்திலிருந்த மனிதக் கண்கள்தான். பின்சக்கரம் சுற்றாத இருபது கிலோ இரும்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒருவன் கடைத்தெருவில் நடந்தால் நான்கு பேர் கேட்பார்கள். பூட்டு திருடனை நிறுத்தவில்லை. அவனைப் பார்வையில் படவைத்தது. மீதி வேலையைத் தெரு செய்தது.

பழைய சைக்கிள் விலை குறைந்தது, அதனால் யாரும் கவலைப்படவில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. இது தவறு. விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1948இல் வந்த படம். அதில் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்தவன், அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க வீட்டிலிருக்கும் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கவேண்டியிருக்கிறது. சைக்கிள் இல்லாவிட்டால் வேலை இல்லை. அவ்வளவு மதிப்புள்ள பொருளை ஓரிடத்தில் அவன் தெருவில் நிற்கும் ஒரு சிறுவனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்குப் போகிறான். வண்டி பத்திரமாக இருக்கிறது. பிறகு, ஏணியில் ஏறிப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது சுவரில் சாய்த்திருந்த வண்டி களவு போகிறது. அப்போது பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. கதைதான் என்றாலும், அந்தக் காலத்தில் சைக்கிளுக்குக் காவல் எங்கிருந்து வந்தது என்பதை அந்த இரண்டு காட்சிகளும் சொல்லிவிடுகின்றன. நம் ஊரிலும் சைக்கிள் அடகுக்கடைக்குப் போனது, சீர்வரிசையில் இடம்பெற்றது. சம்பளக்காரர் ஒருவரின் சொத்துப் பட்டியலில் வீட்டுக்கு அடுத்தது சைக்கிளாக இருந்த குடும்பங்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் அந்தக் காவல் ஒரு தொழிலாகவே நடந்தது. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, ஹெர்குலஸும் பிஎஸ்ஏவும் உள்ளூரிலேயே உருவாகத் தொடங்கிய பிறகு, கோயம்புத்தூர் பஞ்சாலைகளுக்கும் திருச்சி பொன்மலைப் பணிமனைக்கும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போனவர்களின் வண்டி சைக்கிள்தான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மணியோசை சாலையை நிறைத்தது. தொழிற்சாலை வாசலுக்குள் நீளமான சைக்கிள் ஷெட், அதன் முகப்பில் வாட்ச்மேன். ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் சினிமா கொட்டகையிலும் ஏலம் எடுத்த ஒப்பந்ததாரரின் சைக்கிள் ஸ்டாண்டு. உள்ளே நுழையும்போது ஒரு டோக்கன் ஹேண்டில்பாரில் மாட்டப்படும், அதே எண்ணுள்ள ஜோடி டோக்கன் சொந்தக்காரர் கைக்கு வரும். தகரத்தில் அடித்த எண், சில இடங்களில் அட்டை. தினமும் ரயிலேறுகிறவர்களுக்கு மாதக் கட்டணம். நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்த காலமும் அதுதான். வண்டிக்கு ஊரறிந்த ஓர் அடையாளம் இருந்தது.

ஸ்டாண்டின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், வளையப் பூட்டின் வடிவத்துக்கே அங்கே காரணம் கிடைக்கும். ஸ்டாண்டுக்காரருக்கு இடம் குறைவு. காலையில் வந்த வண்டிகளை நெருக்கி, ஹேண்டில்பார் ஒன்றோடொன்று பின்னாதபடி மாற்றி மாற்றிச் சாய்த்து, நடுவில் சிக்கிய வண்டியின் சொந்தக்காரர் முதலில் வந்துவிட்டால் நான்கு வண்டிகளை நகர்த்தி வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டும். வண்டிகள் கம்பத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தால் இந்த வேலை ஒரு நிமிடம்கூட நடக்காது. பின்சக்கரம் மட்டும் பூட்டியிருந்தால் கேரியரைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கி, முன்சக்கரத்தில் உருட்டி நகர்த்திவிடலாம். காவல்காரர் நகர்த்த முடிய வேண்டும், திருடன் ஓட்ட முடியக்கூடாது. இரண்டையும் ஒரே பூட்டு நிறைவேற்றியது. ஆகவே வளையப் பூட்டை ஏழை நாட்டின் மலிவான பூட்டு என்று ஒதுக்குவது சரியில்லை. காவல்காரர் இருக்கும் உலகத்துக்காகவே கச்சிதமாக அமைந்த பூட்டு அது.

உறுதியான பூட்டு செய்யத் தெரியாததால் மெல்லிய பூட்டோடு காலம் தள்ளினோம் என்ற வாதத்துக்குத் திண்டுக்கல் பதில் சொல்லும். மாங்காய்ப் பூட்டும், கையாலேயே நெம்புகளை அராவிச் சேர்க்கும் பட்டறைகளும் கொண்ட ஊர் அது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊரின் பெயர் கதவுகளாலும் பெட்டகங்களாலும் கோயில்களாலும் வந்தது. யாரும் பார்க்காத இரவில் தனியே நின்று காக்கவேண்டியது கதவுப் பூட்டு. அதற்குக் கனமும் திறமையும் தேவைப்பட்டன. சைக்கிள் பூட்டின் சாவியோ சில வேளை அடுத்த வண்டியையும் திறந்துவிடும் என்பது ஊரறிந்தது. சாவி தொலைந்தால் சைக்கிள் கடைக்காரர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டித் திறந்துவிடுவார். இது தெரிந்தே லட்சக்கணக்கானவர்கள் அதை நம்பி வேலைக்குப் போனார்கள். அவர்கள் நம்பியது பூட்டை மட்டுமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் அங்கே பெரியவர்கள் திடீரென்று சைக்கிளுக்குத் திரும்பினார்கள். 1973இல் மட்டும் சுமார் 1.5 கோடி சைக்கிள்கள் விற்றன. பெரும்பாலும் பத்து கியர் வைத்த எடைகுறைந்த வண்டிகள். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, சக்கரத்தை ஸ்பேனர் இல்லாமலே கழற்றிவிடலாம். நகரங்களோ கார்களுக்காகக் கட்டப்பட்டவை. கார் நிறுத்த அடுக்குமாடி இருந்தது. சைக்கிளுக்கு இருந்தது நடைபாதையோரத்து விளக்குக் கம்பமும் மீட்டர் கம்பமும்தான். அங்கே காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நடந்து போகிறவர்கள் கேட்கவும் மாட்டார்கள். கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய வண்டிக்கு வளையப் பூட்டால் பயனில்லை. கம்பத்தோடு கட்டியே ஆகவேண்டும். கட்டும் சங்கிலியைத் திருடர்கள் நீண்ட கைப்பிடி வெட்டுக்கத்தரியால் வெட்டினார்கள்.

அந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது யூ வடிவப் பூட்டு. 1971இல் ஸ்டான்லி காப்லான் அதை வடிவமைத்தார். மைக்கேல் ஸேன் பாஸ்டன் பக்கத்திலிருந்து 'கிரிப்டோனைட்' என்ற பெயரில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். தொடக்க காலத்தில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் ஒரு சோதனை செய்தார்கள். பூட்டிய சைக்கிளை முப்பது நாள் தெருவிலேயே விட்டுவைத்தார்கள். பூட்டு தாக்குப்பிடித்தது. பூட்டுக்குள் அகப்படாத உதிரிபாகம் ஒவ்வொன்றும் கழன்று போயிருந்தது. கம்பெனிக்கு இது வெற்றிச் செய்தி. வரலாற்றைப் பார்க்கிறவருக்கு அந்த முப்பது நாள் வேறொன்றையும் சொல்கிறது: ஒரு நகரத்தின் நடுவே, ஆள்நடமாட்டமுள்ள தெருவில், ஒரு வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு போக முடிந்திருக்கிறது. தெரு தன் வேலையைக் கைவிட்டுவிட்டது. அது செய்துவந்த வேலை முழுவதையும் இப்போது ஓர் எஃகு வளையம் தனியே செய்ய வேண்டும். அதனால்தான் அதற்கு அவ்வளவு எடை.

எடை வந்ததும் சுமப்பது எப்படி என்ற கேள்வி வந்தது. அதற்கு நகரவாசிகள் கண்ட ஒவ்வொரு விடையிலும் ஒரு குறை இருந்தது. யூ பூட்டோடு, சட்டத்தின் குழாயில் இறுக்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று வந்தது. மெல்லிய எஃகுக் குழாய்க்கென்று செய்த அந்தத் தாங்கி, பருத்த அலுமினியக் குழாய்கள் வந்ததும் பொருந்தாமல் போனது. பொருந்தினாலும் மேடுபள்ளத்தில் ஒன்றரைக் கிலோ ஆடி ஆடித் திருகைத் தளர்த்தியது. தாங்கி மெல்லச் சரிந்து முழங்காலில் இடித்தது. நியூயார்க்கில் கடிதங்களையும் கோப்புகளையும் கொண்டுசேர்க்கும் தூதர்கள் நாளொன்றுக்குப் பல முறை இறங்கி ஏறவேண்டியவர்கள். அவர்களுக்குத் தாங்கியில் செருகி எடுக்க நேரமில்லை. சிறிய யூ பூட்டைப் பின்பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகிக்கொண்டார்கள், கனத்த சங்கிலியை இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். துணிந்தவர்களின் வழி அது. ஆனால் விழுந்தால் இடுப்பெலும்புக்கும் தரைக்கும் நடுவே எஃகு இருக்கும். சங்கிலியை இடுப்பிலேயே பூட்டிக்கொண்டவர் ஆபத்து நேரத்தில் அதை அவிழ்க்கவும் முடியாது. பின்னாளில் பூட்டாமலே இடுப்பில் நிற்கும் கொக்கி வைத்த சங்கிலிகள் கடைக்கு வந்தது இந்த அனுபவத்தால்தான். ஹேண்டில்பாரில் சுற்றுவது எளிது. ஆனால் ஒரு முனை நழுவி முன்சக்கரத்தில் சிக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். பையில் போட்டால் தோள் வலி, முதுகில் வியர்வை. கேரியர் வைத்த வண்டியில் ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டுவதே இவற்றில் எல்லாம் நல்லது. பாரம் சக்கரத்தில் இறங்கும், உடம்பில் இறங்காது. தண்ணீர் பாட்டில் மாட்டும் துளைகளில் திருகிவிடும் மடக்குப் பூட்டும் பிறகு வந்தது. அதற்குப் பாட்டிலின் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இவற்றோடு இன்னொரு வழியும் உண்டு. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பொருள் நிறைந்ததாகப் படுகிறது. தினமும் ஒரே அலுவலகத்துக்குப் போகிறவர்கள் கனத்த பூட்டை அங்கேயே, நிறுத்துமிடத்துக் கம்பியில் பூட்டி விட்டுவிட்டு வருகிறார்கள். வீட்டில் வேறொன்று. வண்டியில் எடுத்துப்போவது சிறியதொன்று, வழியில் கடைக்கு இறங்க மட்டும். யாரும் சொல்லித்தராமலே, காவலின் எடையை மறுபடி இடத்தின் மேலேயே இறக்கிவைக்கும் ஏற்பாடு இது. சுமை ஓட்டுபவருடையது அல்ல, நிறுத்துமிடத்துடையது என்பதை அந்தக் கம்பிகளில் இரவெல்லாம் தொங்கும் பூட்டுகள் காட்டுகின்றன.

இங்கே எழும் முதல் மறுப்பு கருவிகளைப் பற்றியது. வெட்டுக்கத்தரி வந்ததால் யூ பூட்டு வந்தது, மின்கலத்தில் ஓடும் கட்டிங் மெஷின் வந்ததால் இன்னும் தடித்த பூட்டு வந்தது, இதில் தெருவுக்கும் காவல்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கருவிகளின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டிங் மெஷின் தீப்பொறி பறக்கக் கத்தும் கருவி. அதை நடுத்தெருவில் ஒரு நிமிடம் ஓட்ட முடிகிறதென்றால் அங்கே கேட்பவர் இல்லை என்று பொருள். கருவி வலிமை பெற்றது ஆளில்லாத இடத்தில்தான். பூட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போவதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு 2004இல் ஒரு பாடம் கிடைத்தது. உருளைச் சாவி வைத்த யூ பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் செருகித் திருகியே திறந்துவிடலாம் என்று அமெரிக்காவில் தெரியவந்தது. கிரிப்டோனைட் கம்பெனி பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றை இலவசமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஓட்டுபவர்கள் ஆண்டுக்கணக்கில் சுமந்த எஃகு, ஒரு பேனாவுக்கு முன் நிற்கவில்லை.

மாசசூசெட்ஸில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்து, பழுதுபார்க்கும் கலையைப் பல்லாயிரம் பேருக்கு எழுத்திலேயே கற்றுக்கொடுத்த ஷெல்டன் பிரவுன் இன்னொரு யோசனை சொன்னார். மிகச் சிறிய யூ பூட்டை எடுத்து, சட்டத்தின் பின்முக்கோணத்துக்குள் பின்சக்கரத்தின் ரிம்மையும் கம்பத்தையும் சேர்த்துப் பூட்டினால் போதும். சட்டத்தைச் சுற்ற வேண்டியதே இல்லை, அந்த முக்கோணத்தை விட்டுச் சக்கரம் வெளியே வராது. பூட்டு சிறிதானால் சுமையும் சிறிது. அந்த இடத்தைக் கவனியுங்கள். சீட்டுக்குக் கீழே, பின்சக்கரத்தின் மேல்: வளையப் பூட்டு காலங்காலமாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஒரு கைப்பிடி பின்னால்தான். வண்டியின் அமைப்பே தன் பூட்டுக்குரிய இடத்தைக் காட்டுகிறது. கம்பம் ஒன்றுதான் கூடுதல்.

இரண்டாவது மறுப்பு நெதர்லாந்திலிருந்து வரும், இதற்கு வலு அதிகம். அங்கே கிட்டத்தட்ட ஒவ்வொரு வண்டியிலும் வளையப் பூட்டு உண்டு, தெருவில் எந்நேரமும் ஆட்கள் உண்டு, இருந்தும் ஆம்ஸ்டர்டாம் சைக்கிள் திருட்டுக்குப் பேர்போன ஊர். அப்படியிருக்கத் தெருவின் கண்கள் என்ற பேச்சு எடுபடுமா? ஆம்ஸ்டர்டாமில் எண்ணிலடங்காத வண்டிகள் ஒரே மாதிரியாக நிற்கின்றன. எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, பூட்டைத் திறக்கப் போராடுகிறவன் சாவி தொலைத்த சொந்தக்காரனாகவும் இருக்கலாம். கூட்டம் காவல் ஆகாது. பொறுப்பு உள்ளவர் பார்த்தால்தான் காவல். அந்த நாட்டின் வரலாறே இதை ஒப்புக்கொள்கிறது. 1965இல் ப்ரோவோ இயக்கத்து இளைஞர்கள் வெள்ளை வண்ணம் பூசிய சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விட்டு, வேண்டியவர் எடுத்து ஓட்டிப் போகலாம் என்றார்கள். பூட்டாத வண்டி திருட்டைத் தூண்டும் என்று சொல்லிப் போலீஸ் அவற்றைப் பறிமுதல் செய்தது. இளைஞர்கள் அடுத்ததாக எண் பூட்டு மாட்டி, திறக்கும் எண்ணை வண்டியிலேயே எழுதிவைத்தார்கள். காவல் ஊர்ப்பொறுப்பா, தனியாள் பொறுப்பா என்பதுதான் அந்த மோதலின் மையம். அன்று தனியாள் பொறுப்பு என்று முடிவானது. அதன் விளைவு இன்றுவரை தெரிகிறது. காப்பீட்டுக் கம்பெனிகள் அங்கீகரிக்கப்பட்ட பூட்டைக் கேட்கின்றன, திருட்டுப் போனால் சாவிகளைக் காட்டச் சொல்கின்றன. வளையப் பூட்டோடு இன்னொரு சங்கிலியும் வழக்கமாகிவிட்டது. அதைச் சீட்டுக் கம்பத்தில் சுற்றியோ முன்கூடையில் போட்டோ கொண்டுபோகிறார்கள். வளையப் பூட்டின் துளையிலேயே செருகிக்கொள்ளும் சங்கிலியும் வந்துவிட்டது.

அதே நாடு இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் மூன்று அடுக்கு நிறுத்துமிடம் 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம், ஊழியர்கள் உண்டு, முதல் 24 மணி நேரம் கட்டணமில்லை. அதற்குள் நிறுத்துகிறவருக்கு நான்கு கிலோ சங்கிலி தேவையில்லை. சட்டத்திலிருக்கும் வளையப் பூட்டே போதும். ஜப்பான் இந்த வழியில் முன்பே போய்விட்டது. ரயில் நிலைய வாசல்களை சைக்கிள்கள் அடைத்துக்கொண்டபோது, 1980இல் நிறுத்துமிடங்களுக்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் பதிவு செய்வது கட்டாயமானது. போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் வண்டி யாருடையது என்று எண் சொல்லிவிடும். கூடையும் ஸ்டாண்டும் வைத்த ஜப்பானிய வீட்டுவண்டியின் பின்சக்கரத்தில் இன்றும் இருப்பது நம் தாத்தாக்கள் தள்ளிய அதே மாதிரிப் பூட்டுதான். டோக்கனும் வில்லையும் வேறு பெயரில் அங்கே உயிரோடிருக்கின்றன. 2016இல் ஷாங்காயில் மோபைக் வாடகை சைக்கிள்கள் இறங்கியபோதும் அவற்றில் இருந்தது பின்சக்கர வளையப் பூட்டே. வண்டி எங்கே நிற்கிறது என்று கம்பெனிக்குத் தெரிந்ததால் கம்பம் வேண்டியிருக்கவில்லை. கண் மட்டும் செயற்கைக்கோளுக்கு மாறியிருந்தது.

மூன்றாவதாக, இது பழங்காலப் பெருமை என்று சொல்லலாம். சைக்கிள் ஸ்டாண்டிலும் வண்டிகள் காணாமல் போயின. டோக்கனிலேயே நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சடித்திருப்பார்கள். டைனமோவும் மணியும் கழன்று போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. உண்மைதான். அந்த ஏற்பாடு அன்பினால் நடந்ததும் அல்ல. ஏலமும் கட்டணமும் சேர்ந்த வியாபாரம். என் வாதத்துக்கு இது இடைஞ்சல் இல்லை, உதவிதான். நல்ல மனிதர்கள் நிறைந்த ஊரைப் படைத்தால்தான் பூட்டு இளைக்கும் என்றால் காத்திருக்க வேண்டியதுதான். நாளுக்குச் சில காசுகளில், சம்பளத்துக்கு ஓர் ஆளை உட்காரவைத்தே அது நடந்திருக்கிறது. மறுபடியும் செய்யக்கூடிய காரியம்.

இங்கே நடந்தது என்னவென்றால், அந்த ஸ்டாண்டுகள் மறையவில்லை, சைக்கிளைக் கைவிட்டுவிட்டன. ஒரு மோட்டார் பைக் தரும் கட்டணத்தை சைக்கிள் தராது. ரயில் நிலைய ஸ்டாண்டுகளில் சைக்கிள்கள் மூலைக்குத் தள்ளப்பட்டன, பல இடங்களில் வெளியேவே போய்விட்டன. புதிய அலுவலகக் கட்டடங்களின் அடித்தளத்தில் கார்களுக்குக் கோடு போட்டிருக்கும். சைக்கிளுக்குக் குழாய்க்கும் தூணுக்கும் இடைப்பட்ட சந்து. வண்டியும் மாறியது. தடித்த டயரும் டிஸ்க் பிரேக்கும் வைத்த கியர் சைக்கிளில் வளையப் பூட்டு உட்காரப் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை. கடைக்காரர் கையில் கொடுப்பது கேபிள் போட்ட நம்பர் லாக். அதைச் சீட்டுக்கடியில் சுருட்டி மாட்டிக்கொண்டு போகலாம், எடையும் இல்லை, ஆனால் அந்தக் கேபிளை வெட்டுவதற்கு நல்ல கட்டிங் பிளையர் ஒன்று போதும். அமெரிக்காவின் ஆளில்லாத தெருவையும் நம் பழைய பூட்டின் மெலிவையும் சேர்த்து எடுத்துக்கொண்ட நிலை இது. இரண்டிலும் மோசமான பாதி நமக்கு வந்திருக்கிறது. இதில் அதிகம் இழப்பவர் விலையுயர்ந்த கியர் சைக்கிள்காரர் அல்ல. இன்னமும் வளையப் பூட்டு வைத்த வண்டியில் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்தான். அவருக்கு இன்னொரு வண்டி வாங்கும் வசதி இல்லை.

பள்ளிகளில் மட்டும் பழைய ஏற்பாடு பெருமளவு மிஞ்சியிருக்கிறது. அரசு விலையில்லா சைக்கிளில் வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வண்டியை வளாகத்துக்குள், ஒரு மரத்தடியிலோ ஷெட்டிலோ நிறுத்திவிட்டு, பிடியைத் தள்ளிப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். சங்கிலியை இடுப்பில் சுற்றிக்கொண்டு யாரும் வருவதில்லை. சுற்றுச்சுவரும் வாசலும் அங்கே ஓர் ஆளும் இருப்பதால் பூட்டு சட்டத்திலேயே இருந்துவிடுகிறது.

எனவே பூட்டை எங்கே வைத்துக்கொண்டு போவது என்று கேட்பவருக்கு இரண்டு பதில் சொல்லலாம். கேரியர் இருந்தால் கேரியரில் இறுக்கிக் கட்டுங்கள், தினமும் போகும் இடமானால் கனத்ததை அங்கேயே விட்டுவையுங்கள், உடம்பில் மாட்டாதீர்கள். இது உங்கள் பங்கு. மற்றதை உங்கள் அலுவலக நிர்வாகத்திடமும், நீங்கள் ரயிலேறும் நிலையத்திலும் கேளுங்கள்: கூரை போட்ட ஓர் ஓரம், தரையில் ஊன்றிய இரும்பு வளைவுகள், டோக்கன் கொடுக்க ஓர் ஆள். கார் ஒன்று நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள்களாவது நிற்கும்.